தராசுக்கு முத்திரை உண்டு, பிரேக் குழாய்க்கு?

மளிகைக் கடைக்காரர்களான நமக்கு விடியற்காலை நாலு மணி என்பது நடுப்பகல் மாதிரி. 1996இல் காய்கனி மொத்த வியாபாரம் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனதிலிருந்து, தென்சென்னையில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சரக்கு வண்டி இல்லாமல் பொழுது விடிவதில்லை. குட்டி யானையோ, சரக்கு ஆட்டோவோ, பழைய வேனோ, ஏதோ ஒன்று கடை வாசலில் நிற்கிறது. அதன் தவணை, டீசல், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அதன் அடியில் ஓடும் ஒரு மெல்லிய குழாயை நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? நாமும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது ஒரு சம்பவம்.

சில மாதங்களுக்கு முன்பு நம் கடை வண்டி கோயம்பேட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு, நூறடி சாலை வழியாக வந்து, சைதாப்பேட்டையைத் தாண்டி அண்ணா சாலையில் நந்தனம் சிக்னலை நெருங்கியது. காலை ஏழரை மணி இருக்கும். தேவர் சிலைக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். மிதி ஏறக்குறைய தரை வரை போய்விட்டது. "அண்ணாச்சி, பிரேக் இல்லை" என்று அவர் சொன்ன குரல் இன்னமும் நம் காதில் இருக்கிறது. கியரைக் குறைத்து, கைப் பிரேக்கையும் இழுத்து, பின்சக்கரங்கள் தேய்ந்து தேய்ந்து நின்றபோது, முன்னால் நின்ற ஸ்கூட்டருக்கும் நம் வண்டிக்கும் இடையே ஒரு முழம் இடைவெளிதான். ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. திரும்பி நம்மைப் பார்த்தது. விளக்கு பச்சை ஆனதும் அவர்கள் போய்விட்டார்கள். என்ன நடந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, வேறொரு மெக்கானிக்கை அழைத்து வந்து காட்டினோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து கேட்டார்: "இது ஃபிரிட்ஜுக்குப் போடுகிற செம்புக் குழாய் அண்ணாச்சி. யார் போட்டது?"

யார் போட்டது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எட்டு மாதம் முன்பு துருப்பிடித்துக் கசிந்த குழாயை மாற்ற ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். "கம்பெனிக் குழாய் வர இரண்டு நாள் ஆகும், விலையும் கூட. இன்றைக்கே வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது" என்றார்கள். "இன்றைக்கே வேண்டும், விலையையும் பார்த்துப் போடுங்கள்" என்று சொன்னது நாம்தான். ஆகையால் பட்டறையை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. கலப்படச் சரக்கைக் கேட்டு வாங்கிய வாடிக்கையாளர் கடைக்காரரைத் திட்டுவது போலத்தான் அது.

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்ததை, நம் சக வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை என்று கருதுகிறோம்.

குழாய்க்குள் என்ன நடக்கிறது?

பெரிய லாரிகளில் காற்று பிரேக். நம்மைப் போன்றவர்கள் வைத்திருக்கும் சிறு வண்டிகளில் ஆயில் பிரேக். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே தள்ளப்பட்டு, சக்கரத்தில் உள்ள சிலிண்டரை விரித்து, பட்டையை டிரம்மோடு சேர்த்து அழுத்துகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதிதான் இதற்கு அடிப்படை. 1921இல் அமெரிக்காவின் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் பிரேக்குடன் வந்தது. நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. நம் ஊருக்கும் இந்தத் தொழிலில் பங்கு உண்டு. 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் பாடியில்தான் இருக்கிறது.

காரின் டயரில் சதுர அங்குலத்துக்கு முப்பது பவுண்டு அளவில் காற்று அடிக்கிறோம். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது குழாய்க்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டையும் தாண்டும். அதாவது டயரைப்போல முப்பது மடங்குக்கு மேல். அதைத் தாங்கும் குழாயின் குறுக்களவு பெரும்பாலான சிறு வண்டிகளில் 4.75 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. பென்சிலை விட மெல்லியது. எனவே அது என்ன உலோகம், முனை எப்படி மடிக்கப்பட்டது என்பதெல்லாம் சில்லறை விஷயம் அல்ல.

குழாய் சாதாரண நாளில் வெடிப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மெதுவாக மிதிக்கும்வரை பலவீனமான குழாயும் தாங்கும். ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு தடவைதான் விட்டுப்போகும். அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது நம்மைக் கைவிடும். இன்றைய வண்டிகளில் இரண்டு தனிப் பாதைகள் வைத்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும். அன்று நம்மைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது பாதை. ஆனால் சுமை ஏற்றிய வண்டிக்குப் பாதி பிரேக் போதாது.

துரு எங்கிருந்து வருகிறது?

கம்பெனியில் போடுவது இரட்டைச் சுவராகச் சுருட்டிய உருக்குக் குழாய். அதன் மேல் துருப்பிடிக்காத பூச்சு இருக்கும். கல் தெறித்தோ, கிளிப் உராய்ந்தோ பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கத் தொடங்கும். நம் தொழிலில் இது சீக்கிரம் நடக்கக் காரணங்கள் உண்டு. உப்பு மூட்டை ஏற்றுகிறோம். மூட்டையிலிருந்து கசிந்த ஈரம் பலகை இடுக்கு வழியாகச் சட்டத்தில் இறங்குகிறது. கடற்காற்று நமக்குத் தூரம் இல்லை. மழைக்காலத்தில் வண்டி தண்ணீரில் நிற்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது சைதாப்பேட்டை, சி.ஐ.டி. நகர், நந்தனம் பகுதிகளில் வண்டிகள் முழுகியதை நாம் மறக்கவில்லை. இஞ்சினைச் சுத்தம் செய்தோம், சீட்டைக் காய வைத்தோம். குழாயை யார் பார்த்தார்கள்?

பனி கொட்டும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அமெரிக்காவில் 1999 முதல் 2003 வரை வந்த சில சரக்கு வண்டிகளில் பிரேக் குழாய் துருப்பிடித்து அறுந்ததாகப் புகார்கள் குவிந்து, அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை பல ஆண்டு விசாரித்தது. 2015இல் விசாரணையை முடித்தபோது, வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவு போடவில்லை. பழைய வண்டியின் அடிப்பகுதியைக் கழுவி வையுங்கள், குழாயைப் பரிசோதியுங்கள், துரு கண்டால் மாற்றுங்கள் என்று சொந்தக்காரர்களுக்கு அறிவுரை சொன்னது. அங்கேயே பொறுப்பு சொந்தக்காரர் தலையில்தான் வந்து முடிந்தது என்றால், இங்கே சொல்ல வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்யலாமா?

நம் உறுப்பினர்களில் கைவேலை தெரிந்தவர்கள் உண்டு. கடையை மூடிவிட்டு ஞாயிறு மதியம் வண்டிக்கு அடியில் படுத்துத் தாமே வேலை பார்ப்பவர்களை நாம் அறிவோம். அவர்களை வேண்டாம் என்று தடுப்பது நம் நோக்கம் அல்ல. அக்கறையுள்ளவர் நிதானமாகத் தன் வண்டிக்குத் தானே செய்யும் வேலை, அவசரப் பட்டறை வேலையை விட நன்றாக இருக்கவும் கூடும். ஆனால் சில நிபந்தனைகளை விட்டுக்கொடுக்க முடியாது.

முதலாவது, உலோகம். பிரேக்குக்கென்றே விற்கும் பூச்சுள்ள உருக்குக் குழாய் வாங்க வேண்டும். அல்லது செம்பு-நிக்கல் கலவைக் குழாய் வாங்கலாம். பத்தில் ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு நிக்கலும் சேர்ந்த இது துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வோல்வோ போன்ற கம்பெனிகள் 1970களிலிருந்தே இதைப் பயன்படுத்தின. நிறத்தில் இது செம்பைப் போலவே இருப்பதால்தான் ஏமாற்றும் நடக்கிறது. ஃபிரிட்ஜ், ஏ.சி.க்குப் போடும் தனிச் செம்புக் குழாய் இந்த வேலைக்கு உரியது அல்ல. வண்டியின் அதிர்வில் செம்பு நாளுக்கு நாள் இறுகி, முனையில் வெடிப்பு விடும்.

இரண்டாவது, முனை. குழாயை ரம்பத்தால் அறுக்காமல், குழாய் வெட்டியால் வெட்ட வேண்டும். உள்ளே வெளியே உள்ள பிசிறைச் சுத்தமாக எடுக்க வேண்டும். நட்டை முதலிலேயே கோத்துவிட வேண்டும். மறந்தால் செய்த வேலை வீண். பிறகு ஃபிளேரிங் கருவியில் பிடித்து முனையை மடிக்க வேண்டும். இதில் இரண்டு வகை உண்டு. முனையை உள்ளே மடித்து இரட்டைத் தகடாக்கிப் புனல் போல விரிப்பது ஒன்று. காளான் தலை போல உருட்டி விடுவது மற்றொன்று. பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றது அடைக்காது. நட்டின் மரையும் அப்படித்தான். மில்லிமீட்டர் மரை, அங்குல மரை என்று இரண்டு உண்டு. கழற்றிய பழைய குழாயை அருகில் வைத்து ஒப்பிட்டே செய்ய வேண்டும். ஒற்றை மடிப்பு வேலைக்காகாது. முதல் முறை செய்பவர் பத்து முனையாவது வெட்டிப் பழகிய பிறகே வண்டிக்கு உரியதைத் தொட வேண்டும். கோணலாக வந்த முனையை "இறுக்கினால் சரியாகும்" என்று போடாதீர்கள். வெட்டி எறியுங்கள்.

மூன்றாவது, இணைப்பு. அறுந்த இடத்தை மட்டும் வெட்டி, தண்ணீர்க் குழாய் போல வளையம் வைத்து இறுக்கும் இணைப்பைப் போடக் கூடாது. நம் வண்டியில் விட்டுப்போனது இந்த இணைப்புதான். துரு ஓரிடத்தில் தெரிந்தால் அந்தக் குழாய் முழுவதையும் மாற்றுவதே நியாயம்.

நான்காவது, போகும் வழி. பழைய குழாய் போன பாதையிலேயே, மடிப்பு விழாமல் வளைத்து, எல்லாக் கிளிப்பையும் மாட்ட வேண்டும். சைலன்சருக்கும் சுழலும் ஷாஃப்டுக்கும் அருகே போகக் கூடாது. சக்கரம் ஆடும் இடத்தில் ரப்பர் ஹோஸ்தான் இருக்க வேண்டும். ஹோஸில் வெடிப்பு இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஐந்தாவது, ஆயில். மூடியின் மேல் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும். அதையே ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய பின் அதற்கான அளவுகோல் 140 டிகிரிதான். சென்னைக் காற்றின் ஈரத்தைச் சொல்ல வேண்டுமா? இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகி, மிதி பஞ்சு போலாகிவிடும். எனவே மாதக்கணக்கில் திறந்து வைத்த டின்னில் மிச்சம் இருந்ததை ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு இஞ்சின் ஆயிலோ, கடையில் இருக்கிறதே என்று சமையல் எண்ணெயோ ஊற்றவே கூடாது. ரப்பர் வாஷர்கள் உப்பி, மொத்த அமைப்பும் கெடும்.

இதோடு கடைக்காரர்களுக்கென்று ஒரு வார்த்தை. பிரேக் ஆயில் விஷம். நிறத்தில் நல்லெண்ணெய் போலவும் இருக்கும். அந்த டின்னை எண்ணெய் அடுக்குக்கு அருகில், கடையின் எந்த மூலையிலும் வைக்காதீர்கள். காலி எண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெரும் பாவம்.

கடைசியாக, காற்று எடுப்பது. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள நிப்பிளைத் தளர்த்தி, காற்றும் ஆயிலும் வந்ததும் இறுக்க, அதன் பிறகே மிதியை விட வேண்டும். பெரும்பாலும் தூரச் சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டிகளில் முறை வேறுபடும். அவற்றைக் கருவி உள்ள பட்டறைக்கு விடுவதே மேல். எல்லாம் முடிந்ததும் இஞ்சினை ஓட விட்டு, மிதியை ஓங்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு முனையையும் துணியால் துடைத்துப் பாருங்கள். பிறகு சுமை இல்லாமல், ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மறுநாள் இன்னொரு தடவை அடியில் பாருங்கள். இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது நம் தாழ்மையான கருத்து. கற்ற மெக்கானிக்கிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்ப்பது உத்தமம்.

எதிர்வாதங்கள்

"ஒரு நாள் வண்டி நின்றால் வியாபாரம் என்ன ஆவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் அதைக் கேட்டுத்தான் ஃபிரிட்ஜ் குழாயை வாங்கிக்கொண்டோம். ஒரு நாள் வாடகை வண்டி பிடித்தால் லாபத்தில் ஒரு பங்கு போகும். அன்றைக்கு அந்த ஸ்கூட்டரில் இடித்திருந்தால் போயிருப்பதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

"புதுப்பேட்டையில் பழைய குழாய் மலிவாகக் கிடைக்கிறதே?" என்பார்கள். கதவும் கண்ணாடியும் பழையது வாங்கலாம். அதில் தவறில்லை. உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க முடியாத, ஒருமுறை இறுக்கி நசுங்கிய முனையுள்ள குழாயைப் பழையதாக வாங்குவது சிக்கனம் ஆகாது. புதிய குழாய்க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நாம் ஒரு மூட்டை அரிசியில் விட்டுக்கொடுக்கும் தொகைக்கு அதிகம் இராது.

"எஃப்.சி. வாங்கியிருக்கிறோமே?" என்பது மற்றொரு சமாதானம். எட்டு ஆண்டு வரையான சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுகிறோம். அன்றைக்கு வண்டி சரியாக இருந்தது என்பதற்குத்தான் அது சான்று. இடையில் வரும் மழைக்காலங்களுக்கு அது பொறுப்பல்ல.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவு, குறை உள்ளது என்று தெரிந்தோ, சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக் கூடிய நிலையிலோ வண்டியை ஓட்டுபவரை மட்டும் சொல்லவில்லை. ஓட்டச் சொல்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. இன்சூரன்ஸ் பாலிசியிலும், வண்டியை நல்ல நிலையில் பராமரிப்பது சொந்தக்காரர் பொறுப்பு என்ற நிபந்தனை இருக்கிறது. "எனக்குத் தெரியாது, மெக்கானிக் போட்டான்" என்பது எவ்வளவு தூரம் செல்லும்?

இவை எல்லாவற்றையும் விட நம்மை உறுத்துவது வேறொன்று. அந்த வண்டியை நாம் ஓட்டுவதில்லை. மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர் ஓட்டுகிறார். பிரேக்கில் ஏதோ குறை என்று அவர் இரண்டு முறை சொன்னார். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று நாம் சொன்னோம். சாயங்காலம் வரவே இல்லை. சிக்கனம் நம்முடையது, ஆபத்து அவருடையது என்ற கணக்கு எந்த வியாபார தர்மத்திலும் சேராது.

சங்கம் என்ன செய்யலாம்?

நல்ல ஃபிளேரிங் கருவியைத் தனி ஒருவர் வாங்குவது வீண் செலவு. சங்கம் ஒன்று வாங்கி வைத்து, உறுப்பினர்களுக்கும் நாம் நம்பும் மெக்கானிக்குகளுக்கும் கொடுக்கலாம். பூச்சுள்ள குழாயையும், அடைத்த டின் ஆயிலையும் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும், போலியும் தவிரும். மொத்தமாக வாங்குவது நமக்குத் தெரியாத வித்தையா? வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பரில் ஒரு ஞாயிறும், மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு ஞாயிறும், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை வரவழைத்து உறுப்பினர் வண்டிகளின் அடிப்பகுதியைப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். டிரைவர்களையும் அன்று அழைத்து, அவர்கள் சொல்லும் குறைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நம் கடைத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். அதிகாரி வருவார் என்ற பயத்தில் மட்டும் அல்ல. எடையில் குறை வைக்கக் கூடாது என்பது நம் தொழிலின் மானம். அதே தெருவில் ஓடும் நம் வண்டியின் பிரேக் குழாய்க்கு முத்திரை போட எந்த அதிகாரியும் மாதாமாதம் வரப்போவதில்லை. அதை நாமேதான் பார்க்க வேண்டும்.

இந்த இதழ் கைக்குக் கிடைத்ததும் ஒரு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். சக்கரத்தின் உட்புறம் ஈரம் இருக்கிறதா, குழாயில் செதில் செதிலாகத் துரு இருக்கிறதா, செம்பு நிறத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கு வண்டியை எடுக்க வேண்டாம். சரக்கு ஒரு நாள் தாமதமாக வரட்டும், வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார்.